பாப்பா கதவைச் சாத்திய நாள்

அக்கா,

இன்று காலை அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கினேன். தம்பி மனைவிக்கு இது எட்டாவது மாதம். யாழினியின் பழைய துணிகளில் உதவுகிறதைத் தேடிக்கொண்டிருந்தேன். மூட்டையின் அடியில் ஏழு சின்ன ஜட்டிகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் கடையில் வந்த இறுக்கமான எலாஸ்டிக்கைப் பிரித்துவிட்டு, நீங்கள் கையால் தளர்வாகத் தைத்த எலாஸ்டிக். ஊதாத் துணியிலும் வெள்ளை நூல், பச்சைத் துணியிலும் வெள்ளை நூல். "கலரை யாரு பாக்கப்போறா? அவசரத்துக்குப் பாப்பா கையால கீழ இறங்கணும், அதான் முக்கியம்" என்றீர்கள். அவற்றை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் காரியத்துக்கு வந்திருந்த ஒரு பெண், "எவ்வளவு பொறுமையான மனுஷி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. குழந்தைகளிடம் நீங்கள் பொறுமை காட்டினீர்கள், உண்மைதான். பெரியவர்களுக்கென்று அதில் ஒரு சொட்டுகூட மிச்சம் வைத்ததில்லை. செத்துப்போனவர்களை எல்லாரும் சாதுவாக்கிவிடுகிறார்கள். நான் ஆக்க மாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதில் நான் உங்களுக்குச் செய்த துரோகமும் இருக்கிறது.

யாழினிக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. பெங்களூரு தொம்மலூரில் என் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த மழலையர் பள்ளியில் அவளைச் சேர்த்திருந்தேன். நீங்கள் அங்கே ஆயா. பிள்ளைப்பேற்றுக்காக விட்ட வேலைக்கு மூன்று வருடம் கழித்துத் திரும்பியிருந்தேன். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். கணவருக்குப் புனேயில் வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. சேர்க்கும்போதே தலைமையாசிரியை ஒரு நிபந்தனை போட்டார். மூன்று வயது முடிவதற்குள் டயப்பரை விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் இடம் கிடையாது.

யாழினி விடுவதாக இல்லை. குழந்தைகள் வெளிக்குப் போவதற்கென்றே விற்கிற, வாத்து முகம் போட்ட பிளாஸ்டிக் இருக்கை ஒன்று வாங்கிவந்தேன். அதில் கரடி பொம்மையை உட்காரவைத்தாள், தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினாள், ஒருநாள் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றினாள். தான் மட்டும் உட்காரவில்லை. 'வேணாம்' என்று தமிழில் சொல்லி நான் கேட்கவில்லை என்றதும் பள்ளியில் கற்றுக்கொண்ட கன்னடத்தில் 'பேடா' என்று கத்தினாள். பிறகு டயப்பரோடு பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் போய் நின்று, முகம் சிவக்க முக்குவாள். நான் எட்டிப் பார்த்தால், "பாக்காதே!" என்பாள். அவள் அத்தனை தெளிவாகச் சொன்ன அந்த ஒரு சொல்லை நான் காதில் வாங்கவே இல்லை.

நம் முதல் பேச்சே சண்டைதான். ஒருநாள் யாழினியின் நனைந்த துணியை அலசாமல் அப்படியே பையில் போட்டுக் கொடுத்திருந்தீர்கள். "அலசிக்கூடக் கொடுக்கக்கூடாதா? என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். உங்கள் அரக்கு நிறக் கோட்டின் பையில் கையைத் துடைத்தபடி, "தண்ணி வரல மேடம். சும்மா புழிஞ்சு குடுத்துட்டு அலசினேன்னு பொய் சொல்லலாம். எனக்கு வராது" என்றீர்கள். திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, ஆட்டோவில் ஏறப்போன என்னைத் தெருமுனைவரை வந்து நிறுத்தினீர்கள்.

"மேடம், ஒரு நிமிசம். பதினோரு மணிக்கு மிஸ் பாப்பாவ அந்த வெளிக்குப் போற சேர்ல உக்கார வெச்சா, சாப்பாட்டு டைம் வரைக்கும் எழுந்திரிக்க வுடுறதில்ல. கிளாஸ் மூலையில, எல்லாப் பசங்களுக்கும் எதிர்ல. மத்த பசங்களை 'ஷேம் ஷேம்' சொல்ல வெக்கிறாங்க. எழுந்தா தோளைப் புடிச்சு அழுத்துறாங்க. ஏன் மிஸ் இப்படின்னு கேட்டேன், நீ தொடைக்கிற வேலையப் பாருன்னுட்டாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ஆனா போய்க் கேளுங்க."

போய்க் கேட்டேன். மறுநாள் காலை தலைமையாசிரியையின் அறையில் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "இங்க அப்படியெல்லாம் நடக்காது. யாரு சொன்னது உங்களுக்கு?" என்றார்.

"உங்க ஆயாவே சொன்னாங்க."

அவ்வளவுதான். யோசிக்கக்கூட இல்லை, வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவர் சிரித்தார். "அந்தம்மாவுக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்தி. பசங்கள அதட்டுறாங்கன்னு அவங்க மேலதான் கம்ப்ளெய்ன்ட் இருக்கு. நாங்க பாத்துக்கிறோம், நீங்க நிம்மதியாப் போங்க" என்றார். நான் நம்பினேன். நம்பினால் ஒன்பதரைக்கு அலுவலகத்தில் இருக்கலாம். நம்பாவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதனால்தான் நம்பினேன். மறுநாள் அந்த அரக்குக் கோட்டுக்குள் வேறொரு பெண் இருந்தார். நான் அவரிடம் உங்களைப் பற்றி விசாரிக்கவில்லை.

அதன் பிறகு யாழினி வெளிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, ஆறு நாள். வயிறு பலகைபோல் ஆயிற்று. சோற்றைப் பார்த்தாலே தலையைத் திருப்பிக்கொண்டாள். குழந்தை மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்து, "அடக்கி அடக்கிக் கல்லாகிவிட்டது. எதற்கோ பயந்திருக்கிறாள். யாராவது வற்புறுத்துகிறார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மருந்து கொடுத்த பிறகு, அன்று வலியோடு ஒருவழியாக வந்தது. அவள் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை மாலை கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். வாத்து இருக்கையில் கரடி. எதிரில் மற்ற பொம்மைகள் வரிசையாக. கரடியின் இரண்டு தோள்களையும் பிடித்து அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்து, "ஷேம் ஷேம்! எழுந்தா அடி!" என்றாள். என் குழந்தையின் முகத்தில் வேறு யாருடைய முகமோ இருந்தது.

நீங்கள் சொன்னதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை, அக்கா. குறைத்துத்தான் சொல்லியிருந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக் காவலாளியைப் பிடித்து, உங்கள் வீடு நீலசந்திராவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சந்தில் என்று தெரிந்துகொண்டு, யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு ஸ்கூட்டர்களுக்கு இடையில் உடம்பை ஒடுக்கித்தான் உங்கள் வாசலுக்கு வர முடிந்தது. நீங்கள் படியில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பார்த்தீர்கள். எழுந்திருக்கவில்லை.

"என் பேரை எதுக்குச் சொன்னீங்க?"

"தப்புதான். வாய் தவறி…"

"வாய் தவறலாம். அதுக்கப்புறம் ஒரு தடவை வந்து எட்டிப் பாத்தீங்களா? ஆறு வருசம் அங்க இருந்தேன். பசங்கள அடிக்கிறவன்னு சொல்லி அனுப்புனாங்க, தெரியுமா?"

"மன்னிச்சிடுங்க அக்கா."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தீர்கள். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பாப்பா வெளிக்குப் போச்சா?"

அந்தச் சந்தில், யார் யாரோ பார்த்துக்கொண்டிருக்க, நான் விக்கி விக்கி அழுதேன். நீங்கள் தேற்றவில்லை. யாழினியை என் இடுப்பிலிருந்து வாங்கி, அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தீர்கள். அவள் உங்கள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவளைப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்தினேன். வீட்டிலிருந்து வேலை செய்ய மேலாளரிடம் கெஞ்சி மூன்று வாரம் அனுமதி வாங்கினேன். யாழினியைப் பார்த்துக்கொள்ள வர முடியுமா என்று கேட்டிருந்தேன், திங்கட்கிழமை எட்டு மணிக்கு நீங்கள் வந்தீர்கள். முதல் வேலையாக வாத்து இருக்கையைத் தூக்கிப் பரணில் போட்டீர்கள். "பாப்பாக்கு இதப் பாத்தாலே வவுறு பூட்டிக்கும்" என்றீர்கள். இரண்டாம் நாள் எலாஸ்டிக்குகளைப் பிரித்தீர்கள். பப்பாளியும் ஊறவைத்த உலர்திராட்சையும் தவிர, பயிற்சி என்று எதுவுமே நடந்ததாகத் தெரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று வாரத்தில் நாலு நாள் போய்விட்டது, எப்போது தொடங்கப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கதான் பாக்கல பாப்பாம்மா. அது பீரோ சந்துக்கு ஏன் ஓடுது? அதுக்கு மறைவு வேணும். உங்களுக்கு நாலு பேரு நின்னு பாத்தா வருமா?"

அன்று மதியம் குளியலறைக் கதவின் உட்பக்கக் கைப்பிடியில் ஒரு பழைய பாவாடை நாடாவைக் கட்டினீர்கள், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில். கால் ஊன்ற ஒரு முக்காலி போட்டீர்கள். "இழுத்துச் சாத்திக்கோ பாப்பா. நான் வெளியிலதான் குந்தியிருப்பேன். உள்ள வரமாட்டேன். கூப்ட்டா வருவேன்." யாழினி நாடாவை இழுத்துப் பார்த்தாள். கதவு மூடியது. திறந்து பார்த்தாள், நீங்கள் சொன்ன இடத்தில் இருந்தீர்கள். மறுபடி மூடினாள். அன்றைக்கு அந்தக் கதவை நாற்பது தடவையாவது திறந்து மூடியிருப்பாள்.

அப்புறமும் நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே போவாள், பாடுவாள், வெளியே வருவாள், வந்து தரையில் நனைப்பாள். நீங்கள் துடைப்பீர்கள். நான்தான் ஒவ்வொரு முறையும், "வந்துச்சா? வந்துச்சா?" என்பேன். ஒருநாள் என்னைத் தனியாக அடுக்களைக்குள் இழுத்துப் போய், "உங்க ஆபீஸ்ல மணிக்கு ஒருவாட்டி வந்து முடிச்சிட்டியா முடிச்சிட்டியான்னு கேட்டா உங்களுக்கு வேலை ஓடுமா? வாயை மூடிட்டுப் போய் உக்காருங்க" என்றீர்கள். போய் உட்கார்ந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை, நான் மேலாளரோடு அழைப்பில் இருந்தபோது, வீடு அதிர ஒரு குரல். "ஆயாம்மா! வந்திருச்சு! நானே!" மைக்கை அணைக்கக்கூடத் தோன்றாமல் ஓடினேன். நீங்கள் குளியலறை வாசலில் கையை நீட்டி என்னை மறித்தீர்கள். அவள் இன்னும் உள்ளே கூப்பிடவில்லை என்றீர்கள். பிறகு கதவு திறந்தது. அந்த முகத்தை நான் எழுதப்போவதில்லை, அது நம் இரண்டு பேருக்கு மட்டும்.

ஆனால் இந்தக் கடிதம் அந்த நாளுக்காக இல்லை. இரண்டு நாள் கழித்து நடந்ததற்காக.

நீங்கள் எங்கள் வீட்டில் தண்ணீரே குடிப்பதில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. சாப்பிடும்போதும் ஒரு மிடறு, அவ்வளவுதான். கவனித்தவள் யாழினி. புதிதாகக் கற்றவள் அல்லவா, வீட்டில் யார் எப்போது போகிறார்கள் என்பதே அவளுக்கு அப்போது பெரிய விசாரணை. மதியம் உங்கள் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஆயாம்மா, நீ ஏன் உச்சா போகல?"

"நான் வீட்டுக்குப் போய்ப் போவேன் கண்ணு."

"அடக்கக் கூடாது. வவுறு கல்லாயிடும். டாக்டர் சொன்னாரு."

நீங்கள் சிரித்து மழுப்பினீர்கள். அவள் விடவில்லை. உங்கள் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குளியலறைக்குள் உங்களைத் தள்ளினாள். கதவை வெளியிலிருந்து சாத்தினாள். முதுகைக் கதவில் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, "நான் உள்ள வரமாட்டேன். கூப்ட்டா வருவேன்" என்றாள்.

நான் கையில் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றேன். பதினோரு நாள் நீங்கள் என் வீட்டில் காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை இருந்திருக்கிறீர்கள். போகக் கூடாது என்று நான் சொன்னதில்லை. போகலாம் என்றும் சொன்னதில்லை. என் குழந்தைக்கு நீங்கள் கதவில் நாடா கட்டிக்கொடுத்த அதே அறை.

வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தீர்கள். யாழினி கைதட்டினாள். அப்புறம்தான் சொன்னீர்கள். அந்தப் பள்ளியில் சின்னக் கழிவறை பிள்ளைகளுக்கு, பெரியது ஆசிரியைகளுக்கு, அதன் சாவி அவர்களிடம். ஆயாக்களுக்கு எதுவும் இல்லை. "காத்தால ஒரு டீ, அவ்ளோதான். அப்புறம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். எத்தினி பசங்களுக்குக் கழுவி வுட்டிருப்பேன்! நான் அடக்கிட்டு நிப்பேன். அதான் உங்க பாப்பா அந்தச் சேர்ல அடக்கிட்டு உக்காந்தப்ப எனக்கு இங்க வலிச்சுது." அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினீர்கள். இரண்டு தடவை குளிர்க்காய்ச்சலாகப் படுத்ததையும், சிறுநீரில் கிருமி என்று மருந்து கொடுத்ததையும் யாருக்கோ நடந்ததுபோல் சொன்னீர்கள்.

அந்தப் பள்ளியின் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நாம் போனோம். நான்தான் பயந்தேன், நீங்கள் பயப்படவில்லை. அரக்குக் கோட்டில் இல்லை, மஞ்சள் கரை போட்ட பச்சைப் புடவையில் வந்தீர்கள். தலைமையாசிரியை, "இவங்கள யாரு உள்ள விட்டது?" என்றார். நான் எழுந்து, "நான்தான் கூட்டிட்டு வந்தேன். என் பேரை எழுதிக்கோங்க" என்றேன். நீங்கள் மூலை, இருக்கை, தோள், 'ஷேம் ஷேம்', பூட்டிய கழிவறை எல்லாவற்றையும் நின்று நிதானமாகச் சொன்னீர்கள். "வேலையை விட்டு நிறுத்தின பிறகு இங்க என்ன பேச்சு?" என்று அவர் குறுக்கிட்டபோது, "வேலைதான் உங்களுது மேடம். வாய் என்னுது" என்றீர்கள். முன்வரிசையில் ஒரு அப்பா தன் மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "டேய், உன்னையும் உக்கார வெச்சாங்களா?" என்று மெல்லக் கேட்டார். அந்தப் பையன் தலையாட்டினான்.

வெற்றி என்று சொல்ல மாட்டேன். மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்தின. இருக்கை மூலையிலிருந்து எடுக்கப்பட்டது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதன் பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளியும் உங்களை வேலைக்கு எடுக்கவில்லை. நீங்கள் எங்கள் வீட்டிலேயே வேலையில் இருந்தீர்கள், பிறகு எங்கள் கட்டடத்தில் இன்னும் இரண்டு வீடுகளில்.

அந்த வீடுகளிலும் இதே கதைதான். வேலைக்கு வருகிறவர்கள் கீழ்த்தளக் கழிவறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று மின்தூக்கியில் அறிவிப்பு. கீழ்த்தளக் கழிவறையில் பூட்டு. சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம். அவரிடம் போய், "சாவியக் குடுங்க, இல்லாட்டி அந்தப் பேப்பரைக் கிழிங்க" என்று கேட்டீர்கள். "ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார். அன்றிலிருந்து மற்ற வீடுகளில் வேலை செய்கிற பெண்களையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தீர்கள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஒரு நிமிடம் யோசித்திருப்பேன், அது உங்களுக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். நாலாம் நாள் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்றார்கள். ஆறாம் நாள் நீங்கள் இல்லை. நாற்பத்தேழு வயது. காரணம் இதுதான் என்று மருத்துவர் எதையும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. பல காரணம் இருக்கலாம் என்றார். இருக்கட்டும். அவர் சொல்ல வேண்டியதை அவர் சொல்லட்டும். எட்டு மணியிலிருந்து நாலு மணிவரை ஒரு பெண்ணை ஆறு வருடம் அடக்கிக்கொண்டு நிற்க வைத்தார்கள். பிறகு என் வீட்டில் நானும் பதினோரு நாள் நிற்க வைத்தேன். இதை விதி என்று சொல்லி ஆறுதல் அடைய எனக்குச் சம்மதம் இல்லை.

சங்கக் கூட்டத்தில் இதை எழுப்பினேன். இருபத்துநாலு வீட்டில் மூன்று வீடு கை தூக்கியது. சுகாதாரம் என்றார்கள், பாதுகாப்பு என்றார்கள், உங்களுக்கு ஏன் இவ்வளவு என்றார்கள். வீட்டுக்கு வந்து ஒரு தாளை எடுத்தேன். 'இந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் யாரும் இந்த வீட்டுக் கழிவறையைப் பயன்படுத்தலாம். மணி அடிக்கவும்.' தமிழில் நான் எழுதினேன். அதன் கீழே கன்னடத்தில் யாழினி எழுதினாள். ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள், இரண்டு எழுத்துப் பிழை. திருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எங்கள் வாசல் கதவில் ஒட்டினோம். மறுநாள் கிழித்துவிட்டிருந்தார்கள். மறுபடி ஒட்டினோம். இதுவரை ஆறு தாள் ஆகிவிட்டது. எதிர்வீட்டார் என்னோடு பேசுவதில்லை. செயலாளர் மின்தூக்கியில் என்னைப் பார்த்தால் கைப்பேசியைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

குப்பை எடுக்க வருகிற பெண் வருகிறாள். நாலாம் மாடியில் சமைக்கிற அம்மா வருகிறார். பொருள் கொண்டுவருகிற பெண் ஒருத்தி தலைக்கவசத்தைக் கழற்றாமலே தயங்கித் தயங்கி நின்றாள். பள்ளியிலிருந்து வந்திருந்த யாழினி அவளுக்கு வழி காட்டினாள். நான் அலுவலக அழைப்பில் இருந்தாலும் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டு வருகிறேன். வேலை எப்போதோ நிரந்தரமாகிவிட்டது, உங்களுக்குத் தெரியும். ஆகாவிட்டாலும் திறந்திருப்பேன்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. மணி அடிக்கிறார்கள், அக்கா. போகிறேன்.